இருமிய சோபா

வீட்டைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். மனைவியைத் திருத்த முடியாத ஆண்கள் அடுத்தபடியாகக் கை வைப்பது வீட்டின் மேல்தான்.

என் பெயர் ஹயாத் பாஷா. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் கைலிக் கடை. எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, ஹால் சோபாவில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும் தூங்க வேண்டும். எங்கள் வீட்டில் காற்று வருகிற ஜன்னல் ஹாலில் மட்டும்தான். பெட்ரூமில் மதியம் படுத்தால் ரொட்டி மாதிரி இரண்டு பக்கமும் வெந்து எழுந்திருக்கலாம்.

அந்த ஹாலில்தான் என் மனைவி ரஜியாவின் தையல் மிஷினும் இருந்தது. எனக்குக் கண் சொக்குகிற நேரம் பார்த்து யாராவது ஒரு அம்மா ஜாக்கெட் அளவு கொடுக்க வந்துவிடுவார். நான் எழுந்து, சட்டையைத் தேடி மாட்டி, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போக வேண்டும். மிஷினைப் பின்கட்டுக்கு மாற்று என்று அவளிடம் நேராகச் சொல்லலாம். அதற்கு வேறு ஒரு ஹயாத் பாஷா பிறந்து வர வேண்டும்.

வழி காட்டியது நண்பன் சர்புதீனின் புது வீட்டு விருந்து. சுவர், திரை, சோபா, தலையணை எல்லாம் சந்தன நிறம். வந்தவர்களில் பாதிப் பேர் பிரியாணியை மறந்துவிட்டுத் திரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

அன்று சாயங்காலமே ரஜியாவிடம் சொற்பொழிவு. வீடு என்றால் வாசலில் இருந்து அடுப்படி வரை ஒரே பாணியில் இருக்க வேண்டும். நம் வீட்டில் ரோஜாப்பூத் திரைக்கும் புலி போட்ட போர்வைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. சேராத பொருளுக்கு ஹாலில் இடம் கிடையாது. இப்படியாகப் பேசினேன். உள்ளுக்குள் என் கணக்கு சுலபமானது. எந்த நிறம் வந்தாலும் அந்தக் கறுப்பு மிஷின் சேரப் போவதில்லை.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ரஜியா, எதை வைத்து ஆரம்பிப்பது என்று கேட்டாள். வீட்டு ராணி நீதானே, நீயே முடிவு செய் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தேன்.

"சேராதது எதுவா இருந்தாலும் ஹால்ல இருக்கக் கூடாது. அப்பிடித்தானேங்க?"

"எதுவா இருந்தாலும்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் இன்னா, பேச்சு மாறுறவனா?"

ரஜியா வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தாள். வெங்காயத்தைப் பார்த்துச் சிரிக்கிற பெண்ணிடம் நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் கடைக்கு வந்து பச்சைக் கட்டம் போட்ட சரக்கைக் கேட்டாள். அது குறிஞ்சிப்பாடியில் இருந்து ஒரு ரம்ஜானுக்கு எடுத்து வந்தது. கிளிப் பச்சையில் கரும்பச்சைக் கட்டம். ஊரில் ஒருத்தர் தொடவில்லை. விற்காத கைலியைத் தானே கட்டித் தீர்ப்பது எங்கள் பரம்பரை வழக்கம் என்பதால், அந்தச் சரக்குக்கு நான் ஒருவனே வாடிக்கையாளன். தொல்லை விட்டது என்று மூட்டையோடு கொடுத்துவிட்டு, கொள்முதலுக்கு வெளியூர் போனேன்.

திரும்பி வந்தால், வீடு முழுக்க என் கைலி. திரை கைலி. சோபா உறை கைலி. தலையணை, டிவி, மிக்ஸி, ஃபிரிட்ஜின் கைப்பிடி வரைக்கும் கைலி. ஜன்னலோரம் மிஷினைத் தேடினேன். அதற்கும் கொசுவம் வைத்துப் பச்சைக் கட்டத்தில் பாவாடை கட்டியிருந்தாள். ஹாலிலேயே அதுதான் எடுப்பாக இருந்தது.

திட்டம் போனது போகட்டும், தூக்கமாவது மிஞ்சட்டும் என்று சாப்பிட்டுச் சோபாவில் படுத்தேன். கட்டியிருந்த பச்சைக் கட்டக் கைலியை வழக்கம்போல் உச்சந்தலை வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு பௌசியா வந்தார். துணிப்பையை என் வயிற்றின் மேல் வைத்தார். அசைந்தால் அவர் பயந்துவிடுவார். அசையாவிட்டால் உட்கார்ந்துவிடுவார். யோசித்து, மரியாதையாக ஒருமுறை இருமினேன்.

"அக்கா, உங்க சோபா இருமுது" என்றார் பௌசியா.

"அது அவருதான். பைய அந்தாண்ட வெச்சிட்டு நாற்காலில உக்காரு."

பௌசியா அதற்கு மேல் என்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. திரையைத் தடவினார். தன் வீட்டுக்கும் அதேபோல் வேண்டும் என்றார். அவரைப் பார்த்துத் தெரு கேட்டது. தினமும் பஸ் ஏறி வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஷாலினி டீச்சர் தனக்கு ஒரு திரை தைத்து வாங்கிக்கொண்டு, மலை மேல் இருக்கிறவர்களுக்கும் சொல்லிவிட்டார். என் கடையில் முடங்கிக் கிடந்த சரக்கு என் ஹாலில் பறந்தது. தைக்கப் பௌசியாவும் சேர்ந்துகொள்ள, இன்னொரு மிஷின் வந்தது. அதற்கும் பாவாடை.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, இனி ஹாலில் படுக்க வேண்டாம் என்றாள் ரஜியா.

"ஏன், நான் சேரலையா? நூல் பிசகாம சேர்ந்துக்கினுதானே இருக்கேன்?"

"அதாங்க வம்பு. ஜாஸ்தி சேர்ந்துட்டீங்க. வர்றவங்க உங்க மேல உக்காந்துட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"அப்பிடின்னா நீலக் கைலி கட்டிக்கினு படுக்குறேன்."

"நீலம் சேராதே. சேராதது எதுவா இருந்தாலும் ஹால்ல இருக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னது?"

நான்தான் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன்.

இப்போது மதியத் தூக்கம் கடையில். பச்சைக் கட்டச் சரக்கு காலியான அலமாரித் தட்டு என் நீளத்துக்குச் சரியாக இருக்கிறது. நேற்று சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு தலையணையும் வந்தது. அதன் உறையும் பச்சைக் கட்டம்தான். கோபமும் வந்தது, பாசமும் வந்தது. போன் போட்டேன். பின்னால் இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது பாணியும் இல்லை, நிறமும் இல்லை, மதியத்தில் நிம்மதியாகத் தூங்க ஒரு இடம், அவ்வளவுதான் என்றேன்.

ஒரு மிஷின் நின்றது.

"தெரியுங்க. அத அன்னிக்கே கேட்டிருந்தா, மதியத்துல மிஷின நிறுத்திட்டு நானும் செத்த நேரம் படுத்திருப்பேன். நீங்கதான் ஸ்டைலு கேட்டீங்க."