குண்டுமணிக்குக் கடல் தண்ணி

"குண்டுமணி, பசிக்குதாடா செல்லம்?"

கூடத்திலிருந்து மனைவியின் குரல் தேனாக வந்தது. உள்ளறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான புதிதில்கூட அவரை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. தொந்தியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பெயர் பொருத்தம்தான். அந்த 'டா' கொஞ்சம் அதிகம். போகட்டும்.

"ரொம்பப் பசிக்குது!" என்று குழைந்துகொண்டே ஓடிவந்தார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். கையில் இடுக்கி. இடுக்கியில் ஓட்டோடு ஒரு நத்தை.

"உங்களை யாருங்க கேட்டா? சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, போட்டுக்கங்க."

தொட்டிக்குள்ளிருந்து குண்டுமணி வாயைத் திறந்து நத்தையை 'நறுக்'கென்று வாங்கிக்கொண்டது. அது ஒரு பேத்தை மீன். பச்சை உடம்பில் கறுப்புப் புள்ளி. எலுமிச்சம்பழ அளவில் வந்தது, இப்போது மாம்பழ அளவு. கோபம் வந்தால் பந்து மாதிரி உப்பும். கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று அவளைக் கொஞ்சும், மற்றொன்று இவரை முறைக்கும். ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்து மூக்குக் கண்ணாடி மாட்டுகிறவர் அவர். அந்தப் பார்வையில் கோளாறு ஒன்றுமில்லை, கொழுப்புதான் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

மீனோடு போட்டி என்றால் வெளியே சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பல்லால்தான் அடுத்த வினையும் வந்தது.

பேத்தை மீனுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். நத்தை ஓட்டைக் கடித்தும் தேயாமல் ஒருநாள் குண்டுமணிக்கு வாய் மூட முடியவில்லை. தரைத்தளத்தில், கீழ் வீட்டில் ஒரு பல் டாக்டர். ஒண்டிக்கட்டை. அவரும் மீன் பைத்தியம். சுவர் அகலத்துக்குக் கடல்நீர்த் தொட்டி, அதில் கோமாளி மீன்கள், ஒரு நீல மீன் என்று வைத்திருந்தார். கூப்பிட்டதும் பறந்து வந்தார். மீனை ஈரத் துணியில் பிடித்து, சின்னக் கத்தரியால் பல்லை நறுக்கிவிட்டு, "இப்ப சிரிடா கண்ணா" என்றார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது இதே மனிதர்தான், "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்றவர்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே டாக்டர் புராணம். டாக்டர் இப்படிச் சொன்னார், டாக்டர் அப்படிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறவள், உப்பைப் பற்றி ஒரு பல் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இவர் கேட்டுவிட்டார்.

"உப்பு பெறாத விஷயத்துக்கெல்லாம் கீழ போகணுமா?"

"இது உப்பு பெற்ற விஷயம்ங்க. இவன் முகத்துவாரத்து மீன். ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கற இடத்துல பொறந்தவன். சின்னவனா இருந்தப்ப லேசா உப்பு போதும். வளர்ந்துட்டா கடல் தண்ணிதான் ஒத்துக்கும்."

"அப்ப கடல்ல விட்டுடு."

"நல்லாயிருக்கே! கொஞ்சம் கொஞ்சமா உப்பு ஏத்திப் பழக்கணும். சட்டுனு மாத்தினா தாங்காது."

"பழக்கிட்டு?"

"பழக்கிட்டு, டாக்டர் தொட்டியில விட்டுடலாம்னு பார்க்கறேன். நம்ம தொட்டி இனிமே பத்தாது. பெரிய தொட்டி வாங்கலாம்னா நீங்கதான், 'கூடத்துல நான் இருக்கணுமா மீன் இருக்கணுமா'ன்னு குதிக்கிறீங்க."

"அப்புறம் உன் குண்டுமணியப் பிரிஞ்சு நீ எப்படி இருப்பே?"

"பிரிவானேன்? தெனம் சாயந்தரம் கீழ போய்ப் பார்த்துட்டு வரேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். டாக்டரும் தனியாத்தானே இருக்கார், பாவம்."

அந்தப் 'பாவம்' கேட்டு, குண்டுமணி உப்பவில்லை. இவர் உப்பினார்.

அன்றே சபதம் எடுத்தார். இந்த மீன் கடல் தண்ணிக்குப் பழகவே கூடாது. அவள் உப்பு ஏற்றினால் இவர் இறக்குவார்.

காலையில் அவள் பள்ளிக்கூடம் போனதும் வேலையைத் தொடங்கினார். தொட்டிக்குப் பக்கத்திலேயே, நல்ல வேளையாக, ஒரு வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து மூடி வைத்திருந்தாள். ஆனால் அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. தொட்டிக் கண்ணாடியில் அவள் சிவப்பு நாடா ஒட்டி ஒரு கோடு போட்டிருந்தாள். அதைத் தாண்டினால் மாட்டிக்கொள்வோம் என்று, நீர்மட்டம் கோட்டைத் தொடும்வரை மட்டும் சொம்பு சொம்பாக ஊற்றுவார். பிறகு தொட்டியின் விளிம்பைத் துடைப்பார். சொம்பைத் துடைப்பார். கைரேகைகூட இருக்காது.

"உப்பிட்டவளை நினைக்கிறியா? நல்லா நினை. உனக்குக் கடலும் கிடையாது, கால்வாயும் கிடையாது," என்று மீனிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவார். அது ஒரு கண்ணால் அவரைப் பார்க்கும். மறு கண்ணால் வாளியைப் பார்க்கும்.

வாரங்கள் போயின. விசித்திரம் என்னவென்றால், குண்டுமணி வாடவில்லை. புள்ளிகள் மை தொட்டு வைத்த மாதிரி கறுத்தன. வயிறு வெள்ளை வெளேரென்றாகிவிட்டது. இவர்தான் இளைத்தார்.

ஒரு சாயங்காலம் அவள் உப்பு அளக்கிற குழாயைத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்தாள்.

"அடடா! அப்படியே கடல் தண்ணிங்க!"

"எது?" இவருக்குக் குரல் கீச்சென்றது. "இருக்க முடியாதே!"

"ஏன் முடியாது?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

"ஞாயித்துக்கிழமை கீழ கொண்டுபோய் விட்டுடறேன். டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன்."

இனி சொம்பை நம்பிப் பயனில்லை. எதிரியின் கோட்டைக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் மதியம், மனைவி பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "வாங்க சார், பல்லு இன்னும் வலிக்குதா?"

இவர் தொட்டியையே பார்த்தார். கோமாளி மீன்கள் இல்லை. நீல மீன் இல்லை. பாறையும் தண்ணீரும் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன.

"உங்க மீனெல்லாம் எங்க?"

"எல்லாத்தையும் தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்துட்டேன் சார்."

கொடுத்துவிட்டாராம்! குண்டுமணி ஒருவன் வருவதற்காக ஒரு குடித்தனத்தையே காலி செய்திருக்கிறான் இந்த ஆள்! எந்தப் பாவி இப்படிச் செய்வான்? இவர் காது சூடாகிவிட்டது.

"டாக்டர், நேராவே கேக்கறேன். இந்தத் தொட்டிய எனக்குக் கொடுத்துடுங்க."

"தொட்டியையா?"

"தொட்டி, பாறை, விளக்கு, மோட்டார், தண்ணி. எல்லாம். என் பொண்டாட்டியோட மீன் என் வீட்லதான் இருக்கும். அடுத்தவங்க வீட்டுக் கடல் அதுக்கு வேணாம்."

டாக்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வராத குறை.

"நிஜமாவா சார்? வார்த்தை மாற மாட்டீங்களே?"

"ஆம்பளை சொன்னா சொன்னதுதான்!"

தண்ணீரைக் குடம் குடமாக இறைத்து, பாறைகளை ஈரத் துணியில் சுற்றி, நாலு சுமைக்காரர்களோடு ஐந்தாவது ஆளாகத் தோள் கொடுத்து, இரண்டு மாடி ஏற்றினார். முதல் மாடியில் இடுப்பு பிடித்தது. இரண்டாவது மாடியில் மூச்சு பிடித்தது. கூடத்தில் தொட்டிக்கு இடம் போதவில்லை. தன்னுடைய சாய்வு நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கிப் பால்கனியில் போட்டார். கடையை அன்றைக்கு மறுபடி திறக்கவே இல்லை.

மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சுவர் நிறையக் கடல் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி இவர் நின்றார். நின்றார் என்றால், இடுப்பு பிடித்திருந்ததால் வேறு எப்படியும் நிற்க முடியவில்லை.

"ஐயோ, என்னங்க இது!" என்றாள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ஆனால் ஆச்சரியம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்த மாதிரி இவருக்குப் பட்டது.

"இனிமே நீ கீழ போக வேண்டியதே இல்ல."

"கீழ போய் என்ன பண்றது? அங்கதான் யாரும் இருக்கப்போறதில்லையே. டாக்டருக்கு வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. இந்த வாரம் காலி பண்றார். இவ்ளோ பெரிய தொட்டிய என்ன பண்றதுன்னு ரெண்டு மாசமாத் தவிச்சார் மனுஷன்."

இவர் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமாவா? அப்ப... குண்டுமணிய அவர் தொட்டியில விடறேன்னியே?"

"பேத்தை மீனை யாராவது மத்த மீனோட விடுவாங்களா? எல்லாத்தோட வாலையும் கடிச்சுத் தின்னுடும். டாக்டர் தொட்டிய முதல்ல எனக்குத்தான் தரேன்னார். 'நானாக் கேட்டா எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார், கொஞ்சம் பொறுங்க, அவரே வந்து தூக்கிட்டுப் போவார்'னு சொல்லிவெச்சேன்."

இவருக்கு ஒரே ஒரு ஆறுதல் மிச்சமிருந்தது. அதையும் எடுத்து வீசினார்.

"நீ மட்டும் கெட்டிக்காரின்னு நெனைக்காதே. தெனம் உன் தொட்டியில நல்ல தண்ணி ஊத்தினது நான்தான்!"

"தெரியுமே. அதுக்குத்தானே வாளியில பிடிச்சு வெச்சுட்டுப் போவேன். ஃபேன் காத்துல தண்ணி மட்டும் ஆவியாப் போகும், உப்பு தங்கிடும். தெனம் கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்தாட்டி உப்பு எகிறி மீனு செத்துடும். எவ்ளோ நாள் உங்களைக் கெஞ்சியிருப்பேன், காதுல வாங்கினீங்களா?" அவள் அன்போடு அவர் தோளைத் தட்டினாள். "விளிம்பெல்லாம் துடைச்சு வேற வெச்சிருந்தீங்க. என் கண்ணே பட்டுடும்."

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

"கீழ் வீட்டுக்கு அடுத்தது யாரு வர்றாங்களாம்?"

"யாரோ பாட்டு வாத்தியாராம். குரல் கேட்டா உருகிடுவாங்களாம். எனக்கும் ரொம்ப நாளா பாட்டு கத்துக்கணும்னு ஆசை. பாவம், அவரும் தனி ஆளாம்."

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆர்மோனியப் பெட்டி பார்க்கப் போனார்.