இரட்டைச் சடைக்காரியின் நடிப்பு

"பாடத்துக்கு வர வேண்டிய பொண்ணோட பஸ் வழியில நின்னுடுச்சாம்" என்றார் பயிற்சி மைய எழுத்தர்.

டீச்சர் வாசலை எட்டிப் பார்த்தாள். இன்று பயிற்சியின் கடைசி நாள். காது கேளாத ஒரு பிள்ளைக்குச் சைகை, எழுத்து என்று இரண்டு மொழியிலும் பாடம் நடத்திக் காட்டினால்தான் சான்றிதழ். அது இருந்தால்தான் அவளுடைய கிராமத்துப் பள்ளியில் தனி வகுப்பு. அதற்காகக் காத்து அங்கே காது கேளாத இரண்டு பிள்ளைகள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாடத்தைப் பார்த்துச் சான்றிதழ் தர வந்த அதிகாரியோ வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

சமையலறைக்கு ஓடினாள். "அக்கா, உங்க பொண்ணை அரை மணி நேரம் அனுப்புங்க. யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, வாயே திறக்கக் கூடாது. அவ்வளவுதான்!"

"அவளா? வாயை மூடிக்கிட்டா?" என்றாள் சமையல்கார அக்கா. "சொல்லிப் பாக்கறேன்."

ஐந்தே நிமிடத்தில் இரட்டைச் சடை போட்ட சிறுமி ஒருத்தி வந்து நின்றாள்.

"அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?" டீச்சர் கிசுகிசுத்தாள்.

சிறுமி சிரித்தாள், பதில் இல்லை. கெட்டிக்காரி, இப்போதே ஆரம்பித்துவிட்டாள்!

டீச்சர் பலகையில் 'மழை' என்று எழுதி, விரல்களை ஆட்டிக் காட்டினாள். அதிகாரி சிறுமியின் பின்னால் போய்க் கைதட்டினார். அசையவில்லை. ஒரு தட்டைத் தரையில் போட்டார். டீச்சர்தான் துள்ளினாள்.

திடீரென்று சிறுமி கைகளை மளமளவென்று வீசினாள். ஓவர் ஆக்டிங்! டீச்சர் அவசரமாகச் சமாளித்தாள். "தண்ணி கேக்கறா, சார்."

"இல்லையே. 'மழைன்னு சொல்லிட்டு கோழிக்குத் தீனி போடறீங்களே'ன்னு கேக்கறா."

சார் சும்மா அடித்து விடுகிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அதற்குள் சிறுமி எழுந்து வந்து, அவள் விரல்களைப் பிடித்துச் சரியாக மடக்கிவிட்டாள்.

அதிகாரி உருகிப்போனார். "புள்ள உங்ககிட்ட எவ்வளவு உரிமையா பழகுது! இதுதாம்மா வகுப்பு!"

பேனா சான்றிதழை நெருங்கியது. டீச்சருக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு முகங்களும் நினைவுக்கு வந்தன. ஏமாற்றி வாங்கிய காகிதத்தோடு அவர்கள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், மன்னிச்சுடுங்க. இவளுக்குக் காது நல்லா கேக்கும். சமையல்கார அக்கா பொண்ணு. நான்தான் நடிக்கச் சொன்னேன்."

அதிகாரியின் முகம் சிவந்தது. பேனாவை மூடினார்.

அப்போது சமையல்கார அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், என் பொண்ணு வரவே மாட்டேன்னுட்டா. நல்ல வேளை, பஸ் சரியாகி அந்தப் பொண்ணே வந்து சேந்துட்டா, அதான் இவளை அனுப்பி வெச்சேன். பாடம் முடிஞ்சுதா?"