நகல் எடுத்த பிளாப்பியும் நகராத கம்ப்யூட்டரும்

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளைக்கு (பொறுமை இனிமேல் தேவைப்படும் என்பதால் சேர்த்தேன்), மாமனார் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீங்கள் தந்த பழைய கம்ப்யூட்டருக்கு சிடியிலிருந்து கிளம்பத் தெரியாது, லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் பிளாப்பி வட்டு போட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன், யாரிடமும் கைகட்டி நின்று கற்காதவன், தாளைப் பார்த்தா வேலை செய்வான்? நீங்கள் தந்த துவக்கக் கோப்பைப் பிளாப்பியில் நகல் எடுத்தேன். பட்டியலில் பார்த்தேன், இருந்தது. செருகிக் கிளப்பினால், இது துவக்க வட்டு இல்லை, மாற்று என்கிறது. கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று சாதிக்கும் மனிதர்களை அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தை இப்போதுதான் பார்க்கிறேன். பத்துப் பிளாப்பியிலும் அதே பதில். சரி, கோளாறு டிரைவில் என்று மூடியைக் கழற்றி, பட்டைக் கேபிளை உருவித் துடைத்து மாட்டினேன். அதன்பின் டிரைவின் பச்சை விளக்கு அணையவே இல்லை. விடாமல் உழைக்கிறதே என்று பூரித்துப்போய் உங்களுக்குப் போன் செய்தால், "மாமா, கேபிளைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. அந்தத் தாளைப் படிச்சீங்களா இல்லையா?" என்கிறீர்கள். மாமனாரிடம் கேட்கிற கேள்வியா இது? பின்னால் என் மகள் சிரித்ததும் காதில் விழுந்தது.

இங்கே உங்கள் மாமியார் கெடு வைத்துவிட்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஓடலேன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன். அந்த மேசையில என் தையல் மெஷின் உக்காரும்."

"ஓடும்டி."

"நீங்கதான் ஓடறீங்க, கடைக்கும் வீட்டுக்கும்."

இன்று திங்கள். இந்த வீட்டில் என் ஆட்சி செல்லுவது அந்த மேசையில் மட்டும்தான். ஆகவே உடனே நல்ல பிளாப்பிகளையும், முடிந்தால் நல்ல லினக்ஸையும் அனுப்பவும். தவறு என் பக்கம் என்று பதில் எழுதுவதானால் தபால்தலையை வீணாக்க வேண்டாம்.

குழந்தைக்கு என் ஆசிகள். மகளுக்கும், சிரித்து முடித்திருந்தால். பதினாறு செல்வங்களும் பெற்று வாழ்க. அதில் லினக்ஸ் ஒன்றாக இல்லாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தவறும் செய்யாத மாமனார்

பி.கு.: இதைத் தபாலில் போடச் சொல்லி உங்கள் மாமியாரிடம் கொடுத்தேன். அவள் பிரித்துப் படித்தாள். பிறகு உங்கள் தாளையும் படித்தாள். கேபிளைச் சரியாக மாட்டினாள். கோப்பை வெறுமனே நகல் எடுக்கக் கூடாதாம். தாளில் சொல்லியுள்ள நிரலை ஓட்டி வட்டு முழுவதும் பதிக்க வேண்டுமாம். பதித்தாள். லினக்ஸ் ஏறிவிட்டது. பிளாப்பி எதையும் அனுப்ப வேண்டாம். இரும்புக்காரன் வரமாட்டான், மேசையும் அப்படியே இருக்கிறது. ஆனால் கடவுச்சொல்லை அவள் வைத்துவிட்டாள், கேட்டால் சொல்ல மறுக்கிறாள். நீங்கள் பக்குவமாகக் கேட்டு, எனக்கு மட்டும் எழுதவும்.