வரவேற்புக்குப் போன நேர்கோடு

தன்னைப் புத்திசாலி என்று நம்புகிறவனுக்கு இரண்டு தகவல்கள் கிடைத்தால் போதும். மூன்றாவதைத் தேடாமலே தீர்ப்பு எழுதிவிடுவான். என் கல்யாண வரவேற்பு அன்று நான் எழுதிய தீர்ப்பு ஒரு சமன்பாடாகவே இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. (சனிக்கிழமை என்று என் அக்கா இன்றும் சாதிக்கிறாள். அன்று மாலை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். ஞாயிறு தவிர வேறெந்தக் கிழமையிலும் அது அந்த நேரத்தில் வராது. வரலாறு என் பக்கம்.) எங்கள் வீடு எண்ணூரில், மண்டபம் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி ராயபுரத்தில். ஆறரைக்கு வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். ராகு காலத்துக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், அது முடிந்த பிறகுதான் மண்டபத்துக்குள் கால் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

"ரயில்ல போய்டலாம்டா," என்றாள் அக்கா. "கத்திவாக்கத்துல ஏறுனா ராயபுரத்துல எறங்கிக்கலாம். ரோட்ட நம்பாத. கன்டெய்னர் லாரி நின்னுகினா அவ்ளோதான்."

"கோட் சூட் போட்ட மாப்பிள்ளை கம்பியப் புடிச்சுத் தொங்கிகினு போவானா?" என்றேன். நாலேகாலுக்கு அம்மாவும் அக்காவும் நானும் பூ ஒட்டிய வாடகைக் காரில் கிளம்பினோம்.

இங்கே மணப்பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரேவதி காலடிப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். நிச்சயம் ஆன நாள் முதல் அவளை அசத்த நான் அனுப்பிய சரக்கெல்லாம் எங்கள் வட்டாரத்தின் பழைய சங்கதிகள்: எந்தத் தெருவுக்கு எப்போது பெயர் மாறியது, எந்தப் பாலத்தை எப்போது கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் அவள் பதில் "ஓ". ஆகவே அன்று அவளுடைய துறையிலேயே இறங்க முடிவு செய்தேன்.

கார் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் மீட்டரைப் பார்த்தேன். நான்கு கிலோமீட்டர். இருபதாவது நிமிடத்தில் ஏழு. இரண்டு புள்ளிகள்! நேரம் x, தூரம் y. பத்து நிமிடத்தில் மூன்று கிலோமீட்டர் கூடியிருக்கிறது. எனவே சாய்வு 0.3. முதல் புள்ளியை y = mx + c என்பதில் போட்டால் c ஒன்று. ஆக y = 0.3x + 1. பதின்மூன்று கிலோமீட்டருக்கு x நாற்பது. நாற்பதாவது நிமிடம் மண்டப வாசல்.

(அந்த c என்ன சொல்கிறது என்று யோசித்தேனா? கார் கிளம்பும் முன்பே நான் ஒரு கிலோமீட்டர் போய்விட்டேன் என்கிறது. அப்போதே இறங்கி ரயிலுக்கு ஓடியிருக்க வேண்டும். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.)

சமன்பாட்டை ரேவதிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "மூணாவது புள்ளி?"

"கோட்டுக்கு ரெண்டே போதும்" என்று எழுதி, கூடவே ஓர் இதயத்தையும் அனுப்பினேன்.

இந்த வேகத்தில் போனால் ராகு காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவோமே! மிச்சம் ஆறு கிலோமீட்டர், வெறும் இருபது நிமிடம். கடலோரம் காரை நிறுத்தச் சொன்னேன்.

"ரோடு காலியா கீது, இப்பவே போய்டலாம்டா. வாசல்ல குந்திக்கலாம்," என்றாள் அக்கா.

"கணக்குப் போட்டாச்சுக்கா."

அலை தடுக்கப் போட்ட பாறைகள்மேல் ஏறி, பாக்கெட்டில் கைவிட்டு, அடிவானத்தைப் பார்த்து, விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டேன். ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்தால், சாலையில் கன்டெய்னர் லாரிகள். முன்னால் லாரி, பக்கத்தில் லாரி, நாங்கள் நுழைந்ததும் பின்னாலும் லாரி. மீட்டரில் ஏழு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். ஏழு. என் நேர்கோடு கால் நீட்டிப் படுத்துவிட்டது.

பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"மாப்ள."

"அப்ப பொண்ணுக்கு யோசிக்க இன்னும் டைம் கீது."

அம்மா அழ ஆரம்பித்தாள். அக்கா அவ்வப்போது "ரயிலு" என்று மட்டும் சொன்னாள். ஏழரைக்கு ரேவதியின் அழைப்பு.

"இப்ப உங்க y எவ்ளோ?"

"ஏழு."

"x?"

"ஏறிகினே போவுது."

"அப்ப ஸ்லோப்பு?"

"...ஜீரோ."

"மேடையில தனியா நிக்கறேன். மாப்ள ஓடிட்டாரான்னு எங்க பெரியப்பா ஒவ்வொருத்தரா கேட்டுகினு கீறாரு. எட்டு மணிக்கு நான் எறங்கி சாப்டப் போறேன். அப்பறம் காலைல எந்திரிக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிறேன்."

அந்த நேரம் லாரிகளின் இடுக்கில் ஒரு மொபெட் நெளிந்து வந்தது. மீன் விற்றுவிட்டுக் காசிமேட்டுக்குத் திரும்பும் ஓர் அம்மாள். பின்னால் காலிக் கூடை. என் அம்மா பாய்ந்து மறித்தாள்.

"எம்மா, எம் புள்ளைய ராயபுரத்துல எறக்கி வுட்டுடும்மா!"

"கூடை கீதே, எங்க குந்துவாரு?"

"மடியில வெச்சிப்பான்," என்றாள் அக்கா.

வைத்துக்கொண்டேன். காலிக் கூடையில் தண்ணீர் மட்டும் காலியாகவில்லை என்பது பேன்ட் நனைந்த பிறகு தெரிந்தது.

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நான் மண்டபத்துக்குள் ஓடியபோது, மேடையில் போட்டோகிராபர் ரேவதியிடம், "மாப்ளைக்கு எடம் வுட்டு நில்லுங்கம்மா, அப்பறமா ஒட்டிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தினர்கள் அந்தக் காலி இடத்துக்கு மரியாதையாகச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். நான் பக்கத்தில் போய் நின்றதும் அவள் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா மீனு?"

"வஞ்சிரமாம்."

"அதுவாச்சும் நல்லதா கெடச்சுதே," என்றாள். மறுநாள் காலை எழுந்தும் வந்தாள்.

ஆல்பத்தின் முதல் பாதியில் நான் ஒட்டப்பட்டிருக்கிறேன். எல்லாப் படத்திலும் ஒரே சிரிப்பு, ஒரே உயரம். அந்தப் பாறைமேல் நின்று எடுத்த படம்தான். யாரோ விருந்தினர் தங்கள் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள், நான் அடிவானத்தைப் பார்க்கிறேன்.

ரேவதி இன்றும் டியூஷன் எடுக்கிறாள். நேர்கோட்டுச் சமன்பாடு பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஒரு மாப்பிள்ளை பத்தாவது நிமிடத்தில் 4 கி.மீ., இருபதாவது நிமிடத்தில் 7 கி.மீ. தொலைவில் இருந்தார். சமன்பாட்டைக் காண்க. மாப்பிள்ளை செய்த பிழை யாது?" சென்ற ஆண்டு ஒரு பெண் சமன்பாட்டைச் சரியாகப் போட்டுவிட்டு, பிழை என்ற இடத்தில், "ரயிலில் போகவில்லை" என்று எழுதியிருந்தாள். ரேவதி முழு மதிப்பெண் கொடுத்தாள். அந்த விடைத்தாளை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.