லேசில் கிடைக்காத அன்னாசித் தூள்

கடல் வராத ஒரு நாளில் கடலுக்குப் பயந்து ஓடி, வடிகானுக்குள் விழுந்து முழங்காலை வீங்கவைத்துக்கொண்டவன் நான். சுனாமி அடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. சந்தியில் எவனோ "திரும்ப வருது!" என்று கத்தினான். அது வெறும் வதந்தி என்று தெரிவதற்குள் நான் ஊரையே முந்தியிருந்தேன். கடல் அடித்தவர்கள் நிறைந்த முகாமில் நிவாரணம் பதியும் எழுதுவினைஞன், வடிகான் அடித்து நொண்டினால் யார் இரங்குவார்கள்?

அப்படித்தான் அன்னாசியிடம் போய்ச் சேர்ந்தேன். மருந்தைச் செய்துவிட்டு, அதை எவருக்கும் கொடுக்காமலிருக்க இத்தனை பாடுபட்ட மனிதர் மட்டக்களப்பில் மட்டுமல்ல, மருந்து விற்கும் எந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டார். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானப் பெயர் மிக நீளம் என்பதால் ஊர் அவரை அன்னாசி என்றது. அன்னாசியின் தண்டில் புரதத்தைச் செரிக்கும் ஒரு நொதியம் உண்டு, அது வீக்கத்தை வற்றவைக்கும் என்பது அவர் கட்சி. தண்டைப் பிழிந்து, வடித்து, நெருப்புக் காட்டாமல் உலர்த்தித் தூளாக்குவார்.

"ரத்தம் இளகிற குளிசை எடுக்கிறியா?"

"இல்ல அங்கிள்."

"அன்னாசி திண்டா வாய் தடிக்குமா?"

"இல்ல."

"பல்லுப் புடுங்க, ஒப்பரேஷன் செய்ய ஏதும் இருக்கா?"

"இல்ல."

மறுக்க வழியில்லாமல் போனதில் அவர் முகம் வாடியது. "சரி, கொண்டு போ. வத்தினா வத்தும், வத்தாட்டி என்னட்ட வராத. எல்லாருக்கும் கேக்கிற மருந்தில்ல இது."

நான் அதைக் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீயில் கரைத்துக் குடித்துவந்தேன். ஒருநாள் அவர் நேரில் கண்டுவிட்டார்.

"அட மனே, அவிச்சுக் கொன்றுட்டியே! சூடு பட்டா அது செத்திரும். நீ இவ்வளவு நாளும் குடிச்சது பிரேதம்."

சொன்னவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். கடல் வந்த காலை தேவாலயத்துக்குப் போன அவருடைய மகள் திரும்பி வரவில்லை. கூடப் போன மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுபவர், சுவர் விழுந்து வீங்கிய காலோடு திரும்பினார். மகளைப் பற்றி அங்கிள் பேசி யாரும் கேட்டதில்லை. அன்னாசித் தண்டைப் பற்றித்தான் பேசினார். அந்தத் தூளே அன்ரியின் காலுக்காகத்தான்.

ஆனால் அன்ரியின் வயிற்றில் புண். வெறுந்தூள் எரித்தது. போதாததற்கு வயிற்றுப் புளிப்பு தூளின் வீரியத்தையும் கெடுக்கும். ஆகவே வயிற்றைத் தாண்டிக் குடலில் திறக்கும் கப்சூல் வேண்டும் என்று அங்கிள் புறப்பட்டார். முதலில் ஒத்திகையாகச் சாதாரணக் கப்சூல்களில் அடைத்து, வாவிப்பக்க ஜன்னலில் போத்தலை வைத்தார். மாரிகாலம். ஈரம் பட்டு உயிர்பெற்ற தூள், தான் இருந்த கூட்டையே செரித்துவிட்டது. கூடு ஜெலட்டின், அதுவும் புரதந்தானே. போத்தலுக்குள் பசைதான் மிச்சம்.

"சட்டையத் திண்டுட்டுது பாத்தியா! அப்ப மருந்து உயிரோடதான் இருக்கு!" என்று துள்ளினார். அவர் சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

யுத்தம் முற்றியிருந்த நாளொன்றில் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் தூள் டின்னைத் திறந்த சிப்பாய், "மே மொகத?" என்று சிங்களத்தில் இது என்னவெனக் கேட்டான். அன்னாசி இங்கிலீசில் நொதிய விளக்கம் தொடங்க, அவன் துவக்கை நிமிர்த்தினான். நான் மனதுக்குள் என் மரண அறிவித்தலை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் "அன்னாசி" என்றார். நல்லவேளை, சிங்களத்திலும் அதற்கு அன்னாசிதான். சிப்பாய் மோந்து பார்த்தான். தன் வீங்கிய மணிக்கட்டை நீட்டினான்.

இவர் உடைந்த சிங்களத்தில் கேள்விகளைத் தொடங்கினார்! அவன் பல்லுப் பிடுங்கப் போகிறானாம். டின்னை மூடிவிட்டார்.

"அங்கிள், குடுத்திட்டு வாங்க!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ரத்தம் நிக்காட்டி ஆர் மனே பொறுப்பு?"

துவக்கோடு நின்றவன் ஒரு குழந்தையைப் போல் தலையாட்டி எங்களைப் போகவிட்டான்.

யுத்தம் முடிந்ததென்று தெருவில் வெடி கொளுத்திய வாரத்தில்தான், வெளிநாட்டு உறவினர் ஒருவர் அனுப்பிய, குடலில் திறக்கும் சரியான கூடுகள் வந்துசேர்ந்தன. அதே வாரம் அன்ரியின் இதயம் தாளம் தப்பியதென்று ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்திருந்தார்கள். நான் போனபோது அன்ரி காலை நீட்டிக்கொண்டிருந்தார். அன்னாசி கையில் கப்சூலோடு எதிரே உட்கார்ந்து, ஊராரிடம் கேட்பதைப் போலவே கேட்டார்.

"ரத்தம் இளகிற குளிசை எடுக்கிறீங்களா?"

"நீங்கதானே வாங்கித் தந்த."

வெளியே இன்னும் வெடி கேட்டது. அவர் கப்சூலைப் போத்தலுக்குள் போட்டு மூடியை இறுக்கினார்.

அதற்குப் பிறகும் தூள் செய்தார்; மற்றவர்களுக்குக் கொடுக்காமலிருக்க அது வேண்டியிருந்தது. சில வருடங்களில் அவரும் போனார். செத்த வீட்டில் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கிள் ஒரு விஞ்ஞானி, அன்ரி" என்றேன்.

"என்ன விஞ்ஞானி? போத்தல மூடின மறுகா ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெய் பூசி என்ட காலப் பிடிச்சு விட்டவர். அதுலதான் வீக்கம் கொஞ்சமெண்டாலும் வத்தினது" என்றார் அன்ரி. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "கையெல்லாம் ஒரே அன்னாசி நாத்தம். எனக்கு அன்னாசி புடிக்கவே புடிக்காது தம்பி."