மூன்று பெட்டிசமும் ஒரு விளக்கும்

கவின், ஆரணி, இதை நான் எழுதி வைக்காவிட்டால் உங்கள் குணம் சித்தப்பா சொல்லும் கதையைத்தான் நீங்கள் ஆயுளுக்கும் நம்புவீர்கள். அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அவர் சொல்லும்போது நான் இன்னும் கொஞ்சம் மொக்கனாகத் தெரிகிறேன். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். (பத்தாம் வகுப்போடு நின்றவனுடைய எழுத்து. பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டித் திருத்துங்கள்.)

எனக்குச் சித்தப்பா மேல் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை, வயிறு எரிந்து நெஞ்சு வரைக்கும் ஏறுகிற பொறாமை. உங்கள் அம்மாவின் தங்கச்சியைக் கட்டியவர், பக்கத்து ஒழுங்கையில் வீடு, சுன்னாகத்தில் போன் திருத்தும் கடை. இவையெல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவருடைய ஒழுங்கைக்குத் தெருவிளக்கு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பொழுதுபட்டால் அந்த வெளிச்சம் எங்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். எங்கள் ஒழுங்கையோ கும்மிருட்டு. ரியூசன் முடிந்து வரும்போது ஆரணி சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டதும் அந்த இருட்டில்தான்.

பொறுப்பான தகப்பன் என்ன செய்வான்? எங்களுக்கும் ஒரு விளக்குத் தாருங்கள் என்று பிரதேச சபைக்கு எழுதுவான். நான் பெட்டிசம் போட்டேன், பெயர் சொல்லாத முறைப்பாட்டுக் கடிதம். ஒன்றல்ல, மூன்று. சித்தப்பாவின் விளக்கைக் கழற்றச் சொல்லி! அந்த வெளிச்சத்தால் அயலிலுள்ள கோழிகள் நித்திரை கொள்வதில்லை என்பது முதலாவது. பூச்சி கூடி வயோதிபர்கள் அவதிப்படுகிறார்கள் என்பது இரண்டாவது. அந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரியும், விளக்கு வீண் என்பது மூன்றாவது. கீழே கையொப்பம்: 'பொதுநலன் விரும்பி'.

கொஞ்ச நாளில் எங்கள் சபை தன் கோப்புகளை இணையத்தில் திறந்து விட்டது. எந்தக் கம்பத்தில் விளக்கு இருக்கிறது, யார் கேட்டது, எப்போது பொருத்தியது, என்ன முறைப்பாடு வந்தது, எல்லாவற்றையும் எவரும் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். சித்தப்பா யாரைப் பிடித்து விளக்கு எடுத்தார் என்பது இனி வெளியில் வரும் என்று நான் துள்ளினேன்.

எனக்கு முந்திச் சித்தப்பா அந்த அட்டவணைகளை எடுத்து, போனில் பார்க்கும் வரைபடம் ஒன்று செய்துவிட்டார். விளக்கு எரியும் இடம் பச்சைப் புள்ளி, இருட்டு சிவப்புப் புள்ளி. புள்ளியைத் தொட்டால் அந்த இடத்துக் கோப்பு விரியும். ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. உங்கள் அம்மாவும்தான். (எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது.)

அப்போது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக ஒரு விளக்கு வந்தது. எந்த ஒழுங்கைக்கு என்று முடிவெடுக்க வாசிகசாலையில் கூட்டம். சபையிலிருந்து ஒரு இளம் பெண் உத்தியோகத்தர் வந்திருந்தார். சுவரில் சித்தப்பாவின் வரைபடம் புரொஜெக்ரர் வெளிச்சத்தில் பெரிதாக விழுந்திருந்தது. எங்கள் ஒழுங்கை ஒரே சிவப்பு. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

நான் எழும்பினேன்.

"தங்கச்சி, குணத்தின்ரை ஒழுங்கைக்கு விளக்கு எப்பிடி வந்ததெண்டு முதல் சொல்லுங்கோ. அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டட்டும்."

சித்தப்பாவின் முகம் மாறியது. "அண்ணை, அது பிறகு பாப்பம். முதல் உங்கடை ஒழுங்கையைப் பாப்பம்."

"ஏன், பயமோ? எல்லாம் வெளியிலை வரட்டும்! சனத்துக்கு ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"சொல்லுறதைக் கேளுங்கோ அண்ணை."

"தொடும் ஐசே!"

தொட்டார். ஒழுங்கைச் சனம் எல்லாரும் கையெழுத்து வைத்த ஒழுங்கான விண்ணப்பம் முதலில் வந்தது. அதற்குக் கீழே 'முறைப்பாடுகள்: மூன்று'. சபைக்காரர் கடிதங்களை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். என் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவில்.

வாசிகசாலை அறிவித்தல் பலகையில் வருடக்கணக்காக எழுதுகிறவன் நான். அன்றைய கூட்ட அறிவித்தலும் சுவருக்குப் பக்கத்திலேயே தொங்கியது. சனம் பலகையைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "உந்தக் கையெழுத்திலைதானே போன கிழமை என்ரை மாமியின்ரை செத்தவீட்டு அறிவித்தல் கிடந்தது?"

"கோழியள் நித்திரை கொள்ளுதில்லையாம்!" என்று இன்னொருவர் உரத்து வாசித்தார். கூரை பறந்தது. சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். முன்வரிசையில், உங்கள் சித்திக்குப் பக்கத்தில், உங்கள் அம்மா.

உத்தியோகத்தர் பிள்ளை பாவம், பேச்சை மாற்ற எங்கள் ஒழுங்கையைத் தொட்டார். "சிவப்பு மட்டும் போதாது ஐயா, விண்ணப்பமும் இருக்கவேணும். நீங்கள் ஒண்டும் போடேல்லையே?"

மற்றவன் விளக்கை அணைக்க மூன்று கடிதம் எழுதினவன், தன் ஒழுங்கைக்கு ஒன்றும் எழுதவில்லை. அப்போதுதான் எனக்கே அது உறைத்தது. விளக்கு போச்சு என்று நினைத்தேன்.

"பொறுங்கோ, ஒண்டு இருக்கு," என்று அவர் வாசித்தார். "என் பெறாமக்கள் கவினும் ஆரணியும் ரியூசன் முடிந்து இருட்டில் வருகிறார்கள். சிறியவள் விழுந்து காயப்பட்டாள்." விண்ணப்பித்தவர் பெயர், குணம்.

விளக்கு எங்களுக்குக் கிடைத்தது.

வெளியில் வந்து சித்தப்பாவைக் கேட்டேன். "உமக்கு எப்ப தெரியும்?"

"படம் கீறின அண்டைக்கே. அதுதான் பிறகு பாப்பமெண்டனான்."

பாருங்கள், விளக்கில் முந்தினார், வரைபடத்தில் முந்தினார், கடைசியில் நல்ல மனசிலும் முந்திவிட்டார். மனிதன் எத்தனைக்குத்தான் பொறாமைப்படுவது?

இன்றைக்கும் கலியாண வீட்டுப் பந்தியில் நான் இருந்தால், "பொதுநலன் விரும்பிக்கு இன்னொரு வடை வையுங்கோ" என்று உங்கள் சித்தி கத்துகிறாள். நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. போன மாதம் சித்தப்பாவின் ஒழுங்கை விளக்கு எரியாமல் போய்ப் புள்ளி சிவப்பானது. நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, வீட்டில் தனியே இருந்து, திருத்தித் தரும்படி சபைக்கு விண்ணப்பம் எழுதினேன். என் முழுப்பெயரையும் போட்டேன். அனுப்புவதற்கு முன் அவர் எங்களுக்காகப் போட்டதைத் திறந்து வரிகளை எண்ணினேன். நான்கு. திரும்பப் போய், என்னுடையதில் ஐந்தாவது வரியைச் சேர்த்தேன்.