விதி பன்னிரண்டு, பிரிவு ஆ

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது என் வாழ்க்கையின் மிகப் பெரிய தீர்மானத்தை எடுத்தேன். இனிமேல் சனிக்கிழமைகளில் மைத்துனர் தம்பிராஜா வீட்டுக்குப் போவதில்லை.

வாய் நிறையப் பற்பசை இருந்ததால் அதை உரத்துச் சொல்லவில்லை. வாய் கொப்பளித்த பிறகும் சொல்லவில்லை. தம்பிராஜாவின் தங்கை மங்களேஸ்வரி பக்கத்தில் நின்றாள். அவள்தான் என் மனைவி.

தம்பிராஜா ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் வீடு. கலியாணமான நாளிலிருந்து பதினாலு வருஷமாக, சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு நாங்கள் அங்கே ஆஜர். ஒரு தேத்தண்ணி, நாலு மணித்தியாலம் புத்திமதி. நான் கதிரையில் இருக்கும் விதம் பிழை. என் கையெழுத்து பிழை. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றல் கேட்டு வந்த வருஷமும் பிழை. இந்தத் தொண்ணூற்றாறிலோ நாடு முழுக்க மின்வெட்டு. கரண்ட் போனால் மனிதர் நிறுத்துவார் என்று நம்பியிருந்தேன். இருட்டில் அவருக்கு இன்னும் நன்றாக வந்தது. மங்களேஸ்வரியோ பக்கத்துக் கதிரையில் இருந்து, வாக்கியத்துக்கு ஒருதரம் "ஓம் அண்ணா" என்பாள். அண்ணன் மேல் அவ்வளவு பக்தி. அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாளே வழி வீடு தேடி வந்தது. முஹைதீன் எங்கள் தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். கண்டியில் எங்கள் பகுதியான மஹய்யாவையில் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் ஆறு அணியாகப் பிரிந்து பந்தடிப்பார்கள். பிள்ளைகள் பந்தடிக்க, தகப்பன்மார் ஆளை ஆள் அடிப்பார்கள். போன கிழமை ஓர் அணி மீசை முளைத்த ஒருவனைப் பதினொரு வயசு என்று இறக்கியதில் நாலு குடை உடைந்தது.

"சேர், நீங்க கச்சேரியில வேல செய்றவர். நல்லா சட்டதிட்டம் எழுதித் தாங்க. பொலிஸ்லயும் கேக்கிறாங்க. நாப்பது அம்பது பேர் ஒரு எடத்துல கூடினா, என்னா ஏதுன்டு கேள்வி."

"செயலாளர் ஆர்?"

"நீங்கதான்."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அந்த வருஷத்தில் அது பெரிய விஷயம்.

கந்தோரில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகமான கச்சேரியில், மதிய இடைவேளையில் எழுதத் தொடங்கினேன். பன்னிரண்டு வயசுக்கு மேல் கூடாது. மீசை இருந்தால் பிறப்புச் சான்றிதழைக் காட்டியும் பயனில்லை. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் சான்றிதழ் எரிந்த குடும்பமென்றால் பாடசாலை அதிபரின் கடிதம் போதும். எந்தப் பிள்ளையும் பாதி ஆட்டமாவது விளையாட வேண்டும், பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை உட்பட. ஐந்து கோல் முந்திய அணி ஒரு பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். பெற்றோர் கோட்டுக்கு இரண்டு யார் தூரம் பின்னால் நின்று கைதட்டலாம், புத்தி சொல்லக்கூடாது. கிண்ணம் கிடையாது. இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும்.

பதினோராம் விதிதான் என் உயிர். "செயலாளர் சனிக்கிழமை தோறும் கடமையில் இருத்தல் வேண்டும். அவர் சமுகமளிக்காவிடில் ஆட்டங்கள் செல்லுபடியாகா."

வியாழக்கிழமை பின்னேரம் மங்களேஸ்வரி போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்து வாசித்துக் காட்டினேன். பதினோராம் விதி வந்ததும் குரலில் கொஞ்சம் துக்கம் சேர்த்தேன்.

"எனக்கும் கவலைதான் மங்களம். இனி அண்ணை வீட்டை வரேலாமல் போகுது."

"ஐயோ பாவம்," என்றாள். யார் என்று சொல்லவில்லை.

"பொதுக்காரியம். என்ன செய்யிறது?"

"செய்யத்தானே வேணும். நடுவர் ஆரப்பா?"

"முஹைதீன்."

"நல்லாயிருக்கு. அவற்றை ரெண்டு பெடியளும் விளையாடுறாங்களெல்லே? உடைஞ்ச குடையிலை ஒண்டு அவற்றையாம்."

அதை நான் யோசிக்கவில்லை.

"பிள்ளை விளையாடாத ஆளாய்ப் போடுங்கோ. மஹய்யாவை ஆளும் வேண்டாம், நாளைக்கு முகம் பாக்கவேணும். நடுவர் சோதினை பாஸ் பண்ணின ஆளெண்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

எவ்வளவு நியாயம்! விதி பன்னிரண்டு, பிரிவு அ என்று எழுதினேன். இந்த வீட்டில் இவ்வளவு மூளை கிடந்ததே என்று பெருமையாகக்கூட இருந்தது.

"அப்ப வெளியிலையிருந்து வாற மனுசன். காலம் கிடக்கிற கிடையிலை, தமிழாளெண்டு செக்பொயின்ரிலை மறிச்சு வைச்சால்? தனிய விடுறதே?"

"விடேலாதுதான்."

"செயலாளர் போய்க் கூட்டிக்கொண்டு வந்து, பேந்து வீட்டிலை கொண்டுபோய் விடவேணுமெண்டு போடுங்கோ. நீங்கள் கச்சேரி அடையாள அட்டை வைச்சிருக்கிறியள்."

இன்னும் ஒரு மணித்தியாலம் வெளியே! போகும் வழியில் ஒரு சிகரெட்டும் பிடிக்கலாம். பிரிவு ஆ என்று அழகாக எழுதி, கீழே கோடும் போட்டேன்.

விதிகள் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. மூன்று பிரதி எடுத்தோம். அடுத்த வாரம் பொலிஸில் முத்திரை குத்தி அனுமதி கிடைத்தது. முஹைதீனின் கடையில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே கூட்டம் கூடினோம். நடுவருக்கு ஆள் தேட வேண்டும்.

"அதுக்கேன் யோசின?" என்றார் முஹைதீன். "ஒங்கட மச்சான் ஈக்கிறாரே பேராதெனியில. அந்தக் காலத்துல நடுவர் சோதின பாஸ் பண்ணினவராம். புள்ளையளும் வெளிநாட்டுலயாம்."

"ஆர் சொன்னது?"

"ஒங்கட மிஸிஸ்தான். எங்கட வீட்டுல வந்து சொல்லீக்கிறாங்க. போன புதன்கிழம."

நான் பன்னிரண்டாம் விதியை எழுதியது வியாழக்கிழமை. புதன்கிழமை என் வரைவு என் சட்டைப் பையில் கிடந்தது. சட்டை, மங்களேஸ்வரி தோய்க்கிற கூடையில் கிடந்தது.

"அந்த விதியை மாத்துவம்," என்றேன்.

"தாராளமா மாத்தலாம் சேர். பொலிஸுக்குப் போயி, தமிழ் ஆளொருத்தர் வாற போற வெசயத்தத் திருத்தோணும்ன்டு நீங்களே சொல்லுங்க."

நான் ஓர் ஆணிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் பொலிஸுக்கு ஒருமுறை கொடுத்த கடதாசியைத் திருத்தப் போகிற தமிழன் யார்?

முதல் சனிக்கிழமை ஒரு மணிக்குப் பேராதனை போனேன். தம்பிராஜா காற்சட்டை அணிந்து, விசில் மாட்டி, வாசலில் நின்றார்.

"ஏழு நிமிசம் பிந்தி வாறீர் பரமநாதன். சப்பாத்து லேசும் பிழையாய்க் கட்டியிருக்கிறீர்."

பஸ்ஸில் லேஸ் கட்டும் முறை படித்தேன். சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையை நான் நீட்டிய விதத்தைத் திருத்தினார். பிள்ளைகள் அவருக்கு நன்றாக அடங்கினார்கள், சண்டையே இல்லை, தகப்பன்மார் குடையை மடக்கி வைத்துக்கொண்டு கைதட்டினார்கள். என்னைத்தான் இரண்டுதரம் விசிலடித்துக் கோட்டுக்குப் பின்னால் அனுப்பினார். திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, "இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். கரண்ட் இருக்கவில்லை. வழக்கமாக நாலு மணித்தியாலம். அன்று பஸ்ஸும் மைதானமும் சேர்த்து ஆறரை.

நான் வீட்டுக்கு வந்தபோது மங்களேஸ்வரி சாய்மானக் கதிரையில் காலை நீட்டி, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் படுத்து எழும்பிய முகம். அப்படிப் பளிச்சென்று அவளை ஒரு சனிக்கிழமையும் நான் கண்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடுத்த கிழமை நீரும் வாரும்," என்றேன். "ஆசை அண்ணனைப் பாக்காமல் எப்பிடி இருக்கிறீர்?"

அவள் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

"உங்களை மட்டும் எப்பிடித் தனிய அனுப்பலாமெண்டு பதினாலு வருஷமாய் யோசிச்சனான், கடைசியிலை நீங்களே எழுதிக்கொண்டு வந்தியள்."